இருமுறை 162: பில் ரசல் ஆடியதும் ஆடவைத்ததும்

பில் ரசலின் பயிற்சியாளர் கணக்கைப் புரட்டும்போது ஓர் எண்ணில் கண் நின்றுவிடுகிறது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை அவர் 1966 முதல் 1969 வரை மூன்று சீசன்கள் நடத்தினார். பிளே-ஆஃப் ஆட்டங்களைச் சேர்க்காமல் பார்த்தால் 162 வெற்றி, 83 தோல்வி. சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அணியை 1973 முதல் 1977 வரை நான்கு சீசன்கள் நடத்தினார். அங்கும் வெற்றி 162; தோல்வி மட்டும் 166. பாஸ்டனில் அவர் பயிற்சியாளராக இருந்துகொண்டே சென்டர் இடத்தில் ஆடினார். சியாட்டிலில் கோட்டுக்கு வெளியே நின்றார்.

ரசல் என்ற ஆட்டக்காரர் இருந்ததால் ரசல் என்ற பயிற்சியாளர் ஜெயித்தார், அவர் இல்லாதபோது தோற்றார் என்று இதற்கு ஒற்றை வரியில் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். ரசலின் பயிற்சி முறை அவர் ஆடிய விதத்திலிருந்தே கிளைத்தது. கோர்ட்டின் நடுவில் நின்று ஆட்டத்தைப் படிப்பவரின் அறிவு அது. ஆடுபவரும் ஆடவைப்பவரும் ஒருவராக இருக்க முடிந்த காலம் முடிந்துகொண்டிருந்தபோது அவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். அந்தக் காலமாற்றத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டு 162-களுக்கும் பொருள் புரியும்.

ரசல் 1934 பிப்ரவரி 12 அன்று லூசியானா மாநிலம் மன்ரோவில் பிறந்தார். நிறப்பிரிவினைச் சட்டங்கள் கோலோச்சிய தெற்கு அது. அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்குப் பெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். மெக்லைமண்ட்ஸ் பள்ளியின் ஜூனியர் அணியில் பையன்கள் 16 பேர், சட்டைகள் 15. பயிற்சியாளர் ஜார்ஜ் பவுல்ஸ் யாரையும் விரட்டவில்லை. கடைசிச் சட்டையை ரசலும் இன்னொரு பையனும் முறைவைத்துப் போட்டுக்கொண்டார்கள். இந்த ஆட்டத்தில் ரசலுக்குச் சட்டை என்றால் அடுத்த ஆட்டத்தில் அவர் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருவர். கையில் வித்தை சேராத அந்த வயதில் கண்ணால் கற்கும் பழக்கம் வந்துவிட்டது. பள்ளி முடிந்ததும் பஸ்ஸில் ஊர் ஊராகச் சென்று ஆடிய ஒரு குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்தப் பயணத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கூட ஆடியவர்களின் அசைவுகளை ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிப் பார்த்ததையும், தன்னை அந்த அசைவுகளுக்கு எதிரே நிறுத்திப் பார்த்ததையும் பின்னாளில் 1979-இல் வெளிவந்த தம் ‘செகண்ட் விண்ட்’ நூலில் விவரித்திருக்கிறார். அவர் பயிற்சியாளர் ஆன கதையை நான் இங்கிருந்தே தொடங்குவேன்.

அவரைக் கூப்பிட்ட கல்லூரி ஒன்றே ஒன்று, சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். 1955, 1956 இரண்டு ஆண்டும் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. கூடைக்குக் கீழே அவர் செலுத்திய ஆதிக்கம் எவ்வளவு என்றால், கல்லூரி ஆட்டத்தில் வளையத்தின் முன்னுள்ள பாதையின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். அதே 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம். செல்டிக்ஸ் அணியின் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக், எட் மெக்காலி, கிளிஃப் ஹேகன் இருவரையும் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு ரசலை வாங்கினார்.

பாஸ்டனில் ரசல் செய்ததை ஒரு காட்சியாகப் பார்க்கலாம். எதிரணிக்காரர் வளையத்தை நோக்கி எழும்புகிறார். மற்ற உயரக்காரர்கள் பந்தை ஓங்கி அடித்து கேலரிக்குள் அனுப்புவார்கள். கூட்டம் ஆரவாரிக்கும், பந்து மறுபடியும் எதிரணிக்கே போகும். ரசல் பந்தைத் தட்டுவார், அடிக்கமாட்டார். தட்டிய பந்து கோர்ட்டுக்குள்ளேயே, தன் கூட்டாளி ஓடிவரும் பக்கமாகப் போய் விழும். அடுத்த சில வினாடிகளில் பந்து மறுமுனையில் வளையத்துக்குள் இருக்கும். தடுத்தவர் கையிலேயே தாக்குதல் பிறந்தது. தடுக்கும்போதே நான்கு கூட்டாளிகளும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்திருந்தால்தான் இது முடியும். என்.பி.ஏ. லீக் இத்தகைய தடுப்புகளை (பிளாக்குகளை) எண்ணத் தொடங்கியது 1973–74 சீசனில். ரசல் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அவருடைய தலைசிறந்த கலைக்கு ஏட்டில் கணக்கில்லை. எஞ்சியிருப்பது 21,620 ரீபவுண்டுகளும், 13 சீசன்களில் 11 பட்டங்களும், ஐந்து முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும்.

அந்தப் பட்டங்களை அவர் யாருக்கு வென்று கொடுத்தாரோ அந்த ஊர் அவரை நடத்திய விதத்தை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை. பாஸ்டனை அடுத்த ரெடிங்கில் அவர் வீட்டுக்குள் புகுந்தவர்கள் சுவரெங்கும் இனவெறி வசைகளை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். 1961-இல் கென்டக்கியின் லெக்சிங்டனில், தங்கிய ஹோட்டலிலேயே கறுப்பின ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு மறுக்கப்பட்டது. ரசலும் மற்றவர்களும் கண்காட்சி ஆட்டத்தை ஆடாமல் விமானம் ஏறினார்கள். 1964 டிசம்பர் 26 அன்று செல்டிக்ஸ் ஐந்து கறுப்பர்களைத் தொடக்க அணியாக இறக்கியது. என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதல் முறை.

1966 ஏப்ரலில் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸிடம் தோற்ற கையோடு ஆவர்பாக் ஓர் அறிவிப்பு செய்தார்: தனக்கு அடுத்து ரசல்தான் பயிற்சியாளர். பழைய ஆட்டக்காரர்கள் சிலரிடம் முதலில் கேட்டு, அவர்கள் மறுத்த பிறகே அவர் ரசலிடம் வந்தார். கூடைப்பந்துத் தொழிலில் அதற்கு முன்னும் ஒரு கறுப்பினப் பயிற்சியாளர் இருந்தார். 1961-இல் ஏ.பி.எல். என்ற குறுகிய ஆயுள் லீக்கில் கிளீவ்லண்ட் பைப்பர்ஸை நடத்திய ஜான் மெக்லெண்டன் அவர். என்.பி.ஏ.வில் ரசலே முதல்வர். பத்திரிகையாளர் சந்திப்பில், வெள்ளையரிடம் பாரபட்சம் காட்டாமல் இருக்க உங்களால் முடியுமா என்று ஒருவர் கேட்டார். முடியும் என்றார் ரசல். வெள்ளைப் பயிற்சியாளர் எவரும் பதவியேற்ற நாளில் இந்தக் கேள்வியின் மறுபக்கத்தைச் சந்தித்ததில்லை.

முதல் ஆண்டு 60 ஆட்டங்களை வென்றும் கிழக்குப் பிரிவு இறுதியில் ஃபிலடெல்ஃபியாவிடம் 1–4 என விழுந்தார்கள். எட்டு ஆண்டுத் தொடர் பட்டம் அறுந்தது. உதவிப் பயிற்சியாளர் என்று ஒருவர் கிடையாது. மூச்சு வாங்க ஓடிக்கொண்டே யாரை உட்காரவைப்பது, எப்போது டைம் அவுட் கேட்பது என்பதையும் அவரே முடிவு செய்தாக வேண்டும். அடுத்த சீசனில் அவர் செய்த திருத்தம் எளிமையானது. மூத்த ஆட்டக்காரர்களிடம் வெளிப்படையாகவே யோசனை கேட்கத் தொடங்கினார். ஆவர்பாக்கின் காலத்தில் ஒரு தலையில் இருந்த அதிகாரம் இப்படிப் பல தலைகளுக்குப் பரவியது. 1968-இல் அதே ஃபிலடெல்ஃபியாவுடனான தொடரின் முதல் ஆட்டம் ஏப்ரல் 5 அன்று நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள். துக்கத்தோடு ஆடிய அந்தத் தொடரில் 1–3 எனப் பின்தங்கி, அங்கிருந்து மீண்டு, ஏழாவது ஆட்டத்தை 100–96 என வென்றார்கள். அதுவரை என்.பி.ஏ.வில் யாரும் அப்படி மீண்டதில்லை. பிறகு லேக்கர்ஸை வென்று பட்டம்.

1969-இல் நடந்த இரண்டு ஆட்டங்களில்தான் அவருடைய முறை முழு வடிவில் தெரிகிறது. அந்த ஆண்டு செல்டிக்ஸ் கிழக்கில் நான்காம் இடத்து அணி, வயதான அணி. இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில், தொடரில் 1–2 எனப் பின்தங்கிய நிலையில், கடைசி வினாடிகளில் 87–88 என ஒரு பாயிண்ட் குறைவு. அணியின் ஆட்டக்காரர்கள் ஹாவ்லிசெக்கும் சீக்ஃப்ரீடும் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய காலத்துத் திட்டம் ஒன்றை செல்டிக்ஸ் கையில் எடுத்தது. அதற்கு வேண்டியவர்கள் நல்ல ஷூட்டர்கள். ரசல் தன்னையே வெளியே எடுத்துக்கொண்டார். ஆட்டக்காரர் ரசலை உட்காரவைத்தவர் பயிற்சியாளர் ரசல். திரைபோட்டு நின்ற மூவருக்குப் பின்னால் பந்தை வாங்கிய சாம் ஜோன்ஸ், கால் சறுக்கிய நிலையில் எறிந்த பந்து வளையத்தில் குதித்து உள்ளே விழுந்தது. 89–88.

மே 5, ஏழாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலீஸின் ஃபோரம் அரங்கம். வெற்றிக்குத் தயாராகக் கூரையில் வலைகட்டி பலூன்களை நிரப்பியிருந்தார்கள். லேக்கர்ஸ் வென்றதும் பலூன் கொட்டும், இசைக்குழு வாசிக்கும் என்று அச்சடித்த தாளும் செல்டிக்ஸின் கைக்கு வந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் லேக்கர்ஸின் வில்ட் சேம்பர்லைன் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். சற்று நேரம் கழித்து உள்ளே வர விரும்பினார். பயிற்சியாளர் வான் பிரெடா கோல்ஃப் விடவில்லை. ஒரு பக்கம் சென்டரும் பயிற்சியாளரும் முகம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் அந்த இருவரும் ஒரே ஆள். 35 வயது ரசல் 21 ரீபவுண்டுகள் எடுத்தார், பாயிண்ட் வெறும் 6. செல்டிக்ஸ் 108–106. பலூன்கள் கூரையிலேயே தங்கின. அதோடு ரசல் ஆட்டத்தை நிறுத்தினார், பதவியையும் விட்டார்.

சியாட்டில் அவரை 1973-இல் பயிற்சியாளராகவும் ஜெனரல் மேனேஜராகவும் எடுத்தது. முந்தைய சீசனில் 26 ஆட்டங்கள் மட்டுமே வென்றிருந்த அணி, அவர் கையில் 36, 43, 43, 40 என வென்றது. 1975-இல் அந்த அணியின் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பிளே-ஆஃப் போனது. இதைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. ஆனாலும் குறை இல்லாமல் இல்லை. தனக்கு மூச்சு விடுவதுபோல் வந்த கூட்டாட்டத்தை இளைஞர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் அவர் திணறினார். பாஸ்டனில் அவர் சொல்லித் தர வேண்டிய தேவை குறைவு. பந்தைத் தட்டிவிட்டால் ஓட வேண்டிய திசையைக் கூட்டாளிகள் பத்தாண்டுப் பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். சியாட்டிலில் பந்தைத் தட்ட அவர் உள்ளே இல்லை. 1976-இல் அவர் பொறுப்பில் இருந்தபோது இரண்டாம் சுற்றில் எடுத்த டென்னிஸ் ஜான்சன் 1979-இல் அந்த அணி பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர். அப்போது பயிற்சியாளர் லென்னி வில்கன்ஸ். பிறகு 1987–88-இல் சேக்ரமென்டோவில் ரசல் 17 வெற்றி, 41 தோல்வியோடு பாதியில் விலக நேர்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

வில்கன்ஸின் பெயர் தற்செயலாக வருவதல்ல. ரசல் விலகிய அதே 1969-இல் சியாட்டிலில் ஆடிக்கொண்டே பயிற்சியாளரானவர் அவர். 1995-இல் ஆவர்பாக்கின் 938 வெற்றிச் சாதனையைக் கடந்தவரும் அவரே. 1970-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆல் ஆட்டில்ஸும் வில்கன்ஸைப் போலவே ஆடும் பயிற்சியாளர் ஆனார். 1975 இறுதிச் சுற்றில் ஒரு பக்கம் ஆட்டில்ஸ், மறுபக்கம் ரசலோடு கல்லூரியிலும் பாஸ்டனிலும் ஆடிய கே.சி. ஜோன்ஸ். 1966-இல் ஒருவரிடம் பாரபட்சம் பற்றிக் கேட்ட லீக்கில், ஒன்பதே ஆண்டுகளில் பட்டத்துக்கு மோதிய இரு அணிகளின் பயிற்சியாளர்களும் கறுப்பர்கள். ஜோன்ஸ் பின்னர் 1984, 1986-இல் செல்டிக்ஸுக்கே பட்டம் வென்று கொடுத்தார். அந்த அணிகளில் டென்னிஸ் ஜான்சனும் ஆடினார்.

ஆடும் பயிற்சியாளர் என்ற வகை மட்டும் மறைந்தது. 1978–79-இல் செல்டிக்ஸை நடத்திய டேவ் கவன்ஸ்தான் கடைசி ஆள். 1984-இல் ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. பயிற்சியாளர் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. ஒருவரே இரண்டுமாக இருந்தால் வரம்பை ஏமாற்ற வழி கிடைக்கும் என்று விதி அதற்குக் கதவடைத்தது. புகழ்மண்டபம் ரசலை ஆட்டக்காரராக 1975-இல் சேர்த்தது. பயிற்சியாளராகச் சேர்த்தது 2021-இல். அப்போது அவருக்கு 87 வயது. அடுத்த ஆண்டு ஜூலை 31 அன்று அவர் காலமானார். அவருடைய 6-ஆம் எண் சட்டையை இனி எந்த அணியிலும் புதிதாக எவருக்கும் தருவதில்லை என்று லீக் முடிவெடுத்தது. ஓக்லண்டில் ஒரு சட்டையை இன்னொரு பையனோடு பங்கிட்டுக்கொண்டவர் அவர்.