மடிக்கணினி: பெயரா, பாகமா?

லேப்டாப் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எந்தக் கம்பெனி நல்லது?" வீட்டில் சேர்த்து வைத்த பணம், இல்லையென்றால் மாதத் தவணை. ஒருமுறை வாங்கினால் நாலைந்து வருடம் ஓட வேண்டும். தெரிந்த பெயராகப் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் மூடியில் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் இருந்த உறவு 1981லேயே விட்டுப்போகத் தொடங்கிவிட்டது. அதை ஆரம்பித்து வைத்ததே அன்றைக்கு மிகப் பெரிய பெயராக இருந்த ஐ.பி.எம்.தான்!

அதுவரை ஐ.பி.எம். தன் பெரிய கணினிகளுக்கு வேண்டியதைப் பெரும்பாலும் தானே செய்துகொண்டது. தனிக்கணினிச் சந்தையில் சீக்கிரம் இறங்கவேண்டும் என்று வந்தபோது அதற்கு நேரம் இல்லை. புளோரிடாவில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு குழு, சந்தையில் கிடைத்த பாகங்களை வாங்கிச் சுமார் ஒரு வருடத்தில் ஒரு கணினியைச் செய்து முடித்தது. ப்ராசஸர் இன்டெல்லிடம் வாங்கியது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டிடம், ஃபிளாப்பி டிரைவ் டான்டன் நிறுவனத்திடம். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தது.

அதில் ஐ.பி.எம்.முக்கே உரியது என்று சொல்லக்கூடியது முக்கியமாக ஒன்று. பயாஸ் என்னும் சிறிய நிரல். அதை அப்படியே நகலெடுத்தால் வழக்கு வரும். ஹூஸ்டனில் 1982ல் தொடங்கிய காம்பேக் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு குழு, அந்த நிரல் என்னென்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. மூல நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, அதை வைத்துப் புதிதாக எழுதியது. 12 கிலோவுக்கு மேல் எடையுள்ள காம்பேக் போர்ட்டபிள் முதல் வருடத்திலேயே 53,000 விற்றது. 1984ல் ஃபீனிக்ஸ் என்ற நிறுவனம் இதேபோல் ஒரு பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தது. அதன்பின் பாகம் வாங்கக் காசு இருந்தவர்கள் யார் வேண்டுமானாலும் தங்கள் பெயரில் கணினி விற்கலாம் என்றாகிவிட்டது.

லேப்டாப் விஷயத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. தைவானின் குவான்டா, காம்பல் போன்ற நிறுவனங்கள் போட்டியாளர்களான பல கம்பெனிகளுக்கு லேப்டாப் செய்து கொடுத்தன. கடையில் எதிரெதிர் அலமாரியில் இருந்த இரண்டு பெயர்கள் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கலாம்.

இதனால் வாங்கியவருக்கு என்ன பாதிப்பு? 2006ல் அது தெரிந்தது. சோனி செய்த பேட்டரி செல்களில் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்தன. அதனால் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. டெல் 41 லட்சம் பேட்டரிகளையும் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளையும் திரும்பப் பெற வேண்டி வந்தது. லெனோவாவும் தப்பவில்லை. 2008ல் என்விடியாவின் சில லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்கள் பழுதாயின. அந்தச் செலவுக்காக என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்தச் சிப்கள் இருந்தவை டெல், எச்.பி., ஆப்பிள் லேப்டாப்கள்! மூன்று பெயர்கள், மூன்று விலைகள், உள்ளே ஒரே கோளாறு.

"சரி, அப்படியென்றால் பாகத்தின் பெயரைப் பார்த்து வாங்கினால் போதுமா?" என்றால், அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. 1991ல் 'இன்டெல் இன்சைடு' விளம்பரத் திட்டம் வந்தது. அந்தச் சின்னத்தைப் போட்ட கம்பெனிகளின் விளம்பரச் செலவில் இன்டெல் பங்கு கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத பாகமும் ஒரு பிராண்டு ஆனது. அதன் விளைவைப் பாருங்கள். 2016ல் வந்த கோர் ஐ7-7500யு ப்ராசஸரில் 2 கோர்கள். அடுத்த வருடம் வந்த கோர் ஐ5-8250யு ப்ராசஸரில் 4 கோர்கள். 'ஐ7 தான் உசத்தி' என்று ஸ்டிக்கரை மட்டும் பார்த்து முந்தையதை வாங்கியவருக்குப் பாதிக் கோர்கள்தான் கிடைத்தன.

வணிகவியல் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கையால் தொட முடியாது, ஆனால் விலைக்கு விற்கலாம். கணினித் தொழிலில் அது அப்படியே நடந்தது. காம்பேக் 2002ல் எச்.பி.யோடு சேர்ந்தது. ஐ.பி.எம்.மின் பி.சி. பிரிவு 2005ல் லெனோவாவுக்குப் போனது. சோனி 2014ல் வயோவை விற்றது. டோஷிபா 2020ல் லேப்டாப் தொழிலிலிருந்து முழுதாக விலகியது. பெயரை நம்பி வாங்கியவர் கையில் கடைசியில் இருந்தது பாகங்கள்தான்.

பிராண்டு பார்ப்பதே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே ப்ராசஸர், சூட்டை நன்றாக வெளியேற்றும் உடலில் வேகமாகவும் மற்றொன்றில் மந்தமாகவும் ஓடும். கீல் உறுதி, ஊரில் சர்வீஸ் சென்டர், வாரண்டி இவையெல்லாம் கம்பெனியைப் பொறுத்தவை. ஆனால் அது இரண்டாவது கேள்வி. ப்ராசஸரின் முழு எண் என்ன, ராம் எவ்வளவு, அதைப் பிறகு கூட்ட முடியுமா, எஸ்.எஸ்.டி.யா ஹார்டு டிஸ்க்கா, திரை எப்படி, பேட்டரி எத்தனை வாட்-மணி? இதை முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் மூடியில் இருக்கும் பெயரைப் படித்தால் போதும்.