வண்டியூர் வழக்குகளும் ‘அழகர் கோயில்’ ஆய்வும்

பேராசிரியர் தொ. பரமசிவன் அவர்களின் முனைவர்ப் பட்ட ஆய்வு ‘அழகர் கோயில்’ என்னும் பெயரால் 1989ஆம் ஆண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. கோயில் வரலாற்றை மன்னர்தம் கொடையும் கல்வெட்டும் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. இந்நூலோ கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் ஆகியோர்க்கும் அக்கோயிலுக்கும் உள்ள உறவினை ஆராய்கின்றது. கதையும் வருணிப்புப் பாடலும் சடங்கும் அதற்குச் சான்றாகின்றன. மக்கள் வழக்கினைச் சான்றாக ஏற்றதே இந்நூலின் தலையாய சிறப்பு. ஆயின் அச்சான்று எதனை நிறுவும், எதனை நிறுவாது என்பது ஆராயத்தக்கது. அதற்கு வண்டியூர் ஏற்றதோர் உரைகல்.

சித்திரைத் திருவிழாவில் வையையில் இறங்கும் அழகர் வண்டியூரில் தங்குகின்றார். துருவாசர் சாபத்தால் தவளையான முனிவர்க்கு வீடுபேறு அளிக்கவே அவர் வருகின்றார் என்பது புராணம். தங்கை மீனாட்சியின் திருமணம் தாம் வருமுன் முடிந்ததறிந்து சினந்து, மதுரையுட் புகாது வண்டியூர்த் துலுக்க நாச்சியார் இல்லம் சென்றார் என்பது மக்கள் கதை.

அழகர் முன்பு மதுரைக்கு மேற்கேயுள்ள தேனூருக்கே சென்றார் என்றும், மாசியில் நிகழ்ந்த மீனாட்சி திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றித் திருமலை நாயக்கர் (1623–1659) இரு விழாக்களையும் இணைத்தார் என்றும் கூறுவர். முனிவர்க்கு அருளும் வண்டியூர் மண்டபம் இன்றும் ‘தேனூர் மண்டபம்’ எனப்படுதல் இதன் முற்பகுதிக்கு வலுவூட்டுகின்றது. எனினும், ஊர்ப்பெயர் உறவினைக் காட்டுமேயன்றி ஆண்டினைக் காட்டாது. விழாக்களை இணைத்தவர் இன்னாரென்பதும் அப்பெயரால் விளங்காது. சைவ வைணவ ஒற்றுமையே மன்னர் நோக்கம் என்பதோ, விளைவினைக் கண்டு காரணத்தை உய்த்துணர்வதாகும். காலங்குறித்த கல்வெட்டோ கோயிற் கணக்கோ துணைநிற்பின் அன்றி அதனை முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.

திருமணக் கதையின் நிலை வேறு. இரு விழாக்களும் ஒரே திங்களில் அடுத்தடுத்து நிகழ்ந்தாலன்றித் தமையன் காலந்தாழ்த்து வந்தான் என்னும் கதைக்கு இடமில்லை. ஆகவே இக்கதை இணைப்பிற்குப் பிற்பட்டதாதல் வேண்டும். இணைப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு இது சான்றாகாது; நிகழ்ந்த இணைப்பினை மக்கள் எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பதற்கே சான்றாகும். இரு கோயில்களை அண்ணன் தங்கை உறவால் பிணைத்து, துலுக்க நாச்சியாரையும் அவ்வுறவு வட்டத்துள் சேர்த்தமை அவர்தம் சமூக நோக்கினைப் புலப்படுத்தும்.

இந்நூலின் வலிமை இத்தகைய சமூகச் சான்றிலேயே உள்ளது. கதையிடம் ஆண்டினை வினவுவோர் ஏமாறுவர். கதை கூறிய மக்களைப் பற்றி வினவுவோர் விடை பெறுவர். இவ்வேறுபாட்டினைப் போற்றி இந்நூலைப் பயன்கொள்ளுதலே அதன் வழியில் மேலும் ஆய்வார்க்குரிய கடன் என்பது நம் கருத்து.