மஞ்சள் மருந்தின் கதை



சென்ற வாரம் திடலில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு மருந்திட்டேன். "டீச்சர், இது சமையல் மஞ்சளில் செய்ததா?" என்று கேட்டான். சிறு வயதில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அதன் பெயர் அக்ரிஃபிளேவின். மூலப்பொருள் நிலக்கரித் தார். 1870இல் கிரேபே, காரோ என்னும் செருமானிய வேதியியலாளர் இருவர் தாரிலிருந்து அக்ரிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அது தோலை உறுத்தியதால் காரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டிப் பெயரிட்டனர். ஃபிளேவின் என்பதும் இலத்தீன் வழி வந்ததே; மஞ்சள் என்று பொருள். 1912இல் பால் எர்லிக் ஆப்பிரிக்கத் தூக்கநோய்க் கிருமிகளை ஒழிக்கவே இதனை உருவாக்கினார். முதல் உலகப் போரின்போது கார்ல் பிரவுனிங் என்னும் ஆய்வாளர், படைவீரர்களின் புண்களுக்கு இது உதவும் எனக் காட்டினார்.

போர்க்களத்து மருந்து தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலைச்சரிவுகளில் குடியேறிய நம்மவர்க்கு மருத்துவம் என்றாலே டிரசர்தான். புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். நம் மக்களோ அவரை மருத்துவராகவே மதித்தனர். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1965இல் வந்தது.

கொழுந்தெடுப்போர்க்கு அட்டைக்கடி அன்றாடம். அட்டையின் உமிழ்நீர் குருதியை உறையவிடாது. கடித்த இடம் பின்னர் அரிக்கும். அழுக்கு நகத்தால் சொறிந்தால் புண்ணாகும். அதற்கு மஞ்சள் மருந்து நன்றாகவே உதவியது. நுண்ணுயிரியின் மரபுப்பொருளுக்குள் புகுந்து அதனைப் பெருகவிடாமல் தடுப்பதே அதன் வேலை. ஆனால், அவ்வேலை புண்ணின் மேற்பரப்போடு முடிந்துவிடுகிறது. புரைத்தடுப்பான் என்னும் கலைச்சொல்லைப் பாருங்கள்: தடுப்பதுதான், உள்ளே புரையோடிவிட்டதை ஆற்றுவதன்று.

இதை என் தந்தையார் தம் கையால் அறிந்தார். 1987, எனக்கு ஏழு வயது. நாங்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயர் வேண்டாம். கவாத்துக் கத்தி அவருடைய இடக்கை ஆள்காட்டி விரலை ஆழமாக வெட்டியது. மருந்து தடவிக் கட்டிவிட்டனர், கழுவவுமில்லை, தையலுமில்லை. மறுநாளும் அதே மருந்து. ஐந்தாம் நாள் முழங்கை வரை வீங்கிக் காய்ச்சல் கண்ட பிறகே லாரியில் ஏற்றித் தானா ராத்தாவுக்குக் கொண்டு சென்றனர். பாதி விரல் போயிற்று. அந்த டிரசரை நான் பழிக்கவில்லை. நான்கைந்து பிரிவுகளுக்கு அவர் ஒருவரே. அந்த மஞ்சள் நிறம்தான் எங்களை ஏமாற்றியது. மருந்து போட்டாயிற்று என்று கண்ணுக்குத் தெரிந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். காயத்தை முதலில் ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். மருந்து அதற்குப் பின்னரே. காப்பித்தூளை அப்பாதீர்கள். டெட்டாலை நீர் கலக்காமல் ஊற்றாதீர்கள். ஆழமான வெட்டு, துருப்பிடித்த ஆணி, நாய்க்கடி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த மாணவனையும் முதலில் குழாயடிக்குத்தான் அழைத்துச் சென்றேன். அழுதான். மருந்திட்டதும் அழுகை நின்றது. காற்சட்டையில் பட்ட மஞ்சள் கறைக்கு அம்மா திட்டுவாரா என்பதே அவனுக்கு அடுத்த கவலை.