அயோவா மாணவியரும் கூடைப்பந்தாட்டமும்

பாடசாலை விளையாட்டு வெற்றியை நாடியதாக இருத்தல் வேண்டுமா, அன்றி மாணவர் அனைவருக்கும் உரியதாக இருத்தல் வேண்டுமா என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. வெற்றியே குறியாயின் வல்லவர் சிலர் ஆட, ஏனையோர் எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று கைதட்டுவர். எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் ஆட்டத்தின் விறுவிறுப்புக் குன்றும் என்பாரும் உளர். இவ்விரு கொள்கைகளும் நேருக்குநேர் மோதிய களம் ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்கப் பாடசாலை மாணவியரின் கூடைப்பந்தாட்டமே அது.

1891ஆம் ஆண்டின் இறுதியில், மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்சிமித் என்னும் ஆசிரியர் இவ்வாட்டத்தை வகுத்தார். அடுத்த ஆண்டிலேயே அயலூரிலுள்ள சிமித் மகளிர் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரென்சன் அதனைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். ஒருத்தியே பந்தைக் கைக்கொண்டு ஆட்டம் முழுவதையும் ஆளாதிருக்கவும், முரட்டுத்தனம் தலைதூக்காதிருக்கவும், அவர் ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். எவளும் தன் பகுதியைவிட்டு நீங்கலாகாது என விதித்தார். இலங்கைப் பாடசாலைகளில் மாணவியர் ஆடும் வலைப்பந்தாட்டமும் அப்பழைய கூடைப்பந்தாட்டத்தின் வழிவந்ததே.

ஆட்டம் பரவியது, பார்வையாளர் பெருகினர், போட்டிகளுக்குப் பணம் அறவிடவும் தலைப்பட்டனர். இதனைக் கண்டு மகளிர் உடற்கல்வி ஆசிரியைகள் பலர் கவலையுற்றனர். 1923இல் வாஷிங்டனில், பின்னர் அமெரிக்க அதிபரான ஹூவரின் துணைவியார் லூ ஹென்றி ஹூவர் தலைமையில் அவர்கள் கூடினர். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு விளையாட்டு வேண்டும் என்பது அவர்தம் இலட்சியம். வெற்றிக் கிண்ணம், நெடும்பயணம், நுழைவுக் கட்டணம் ஆகியவற்றை அவர்கள் வெறுத்தனர். அவற்றிற்கு ஈடாக 'விளையாட்டு நாள்' என்பதொன்று வழக்கில் வந்தது. அந்நாளில் பல பாடசாலை மாணவியரும் ஓரிடத்திற் கூடி, பாடசாலை வேற்றுமையின்றிக் கலந்து ஆடிக் கலைவர். நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

அயோவா மாநிலத்திலோ 1920 முதல் மாணவியர்க்கென மாநிலச் சுற்றுப்போட்டி நடைபெற்று வந்தது. 1925இல் அங்குள்ள பாடசாலை விளையாட்டுச் சங்கம் அதனைக் கைவிடத் தீர்மானித்தது. சிற்றூர்ப் பாடசாலை அத்தியட்சகர்கள் இருபத்தைவர் அதற்கு இணங்காது, மாணவியர்க்கெனத் தனிச் சங்கம் ஒன்றை நிறுவினர். அவர்தம் ஊர்கள் உழவர் ஊர்கள். மாணவர் தொகையோ சிறிது. அத்தகைய பாடசாலையிற் குழு ஒன்று அமைக்க வேண்டுமாயின் ஏறக்குறைய எல்லா மாணவியரும் களத்தில் இறங்கியே ஆகவேண்டும். அங்கே போட்டியும் அனைவர்க்குமான வாய்ப்பும் ஒன்றாகவே இருந்தன.

விளைவு யாது? போட்டியை அகற்றிய மாநிலங்கள் பலவற்றில் ஆட்டமே நலிந்தது. 1971–72ஆம் பாடசாலை ஆண்டில் நாடு முழுவதும் பாடசாலைக் குழுக்களில் ஆடிய மாணவியர் மூன்று இலட்சத்திற்கும் குறைவு. மாணவரோ முப்பத்தாறு இலட்சத்திற்கும் அதிகம். அயோவாவிலோ 1968ஆம் ஆண்டின் இறுதிப்போட்டியில் யூனியன்-விற்றன் குழு, எவர்லி குழுவை மேலதிக நேரத்தில் 113க்கு 107 என்ற புள்ளிகளால் வென்றது. தோற்ற குழுவின் ஜீனெற் ஓல்சன் பெற்ற புள்ளிகள் 76. வென்ற குழுவின் டெனிஸ் லோங் பெற்றவை 64.

அயோவாவின் வழியும் குறையற்றதன்று. குழுவின் அறுவரில் மூவர் தடுப்பதற்கே உரியவர். அவர்கள் கூடையை நோக்கிப் பந்தெறிய விதி இடந்தரவில்லை. அவ்வாட்ட முறை 1993இல் அயோவாவில் முற்றாக மறைந்தது. அதற்கு முன்னரே, 1972இல், கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டை விலக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே பாடசாலைக் குழுக்களில் ஆடும் மாணவியர் தொகை பதினைந்து இலட்சத்தைக் கடந்தது.

எல்லோருக்கும் விளையாட்டு என்ற இலட்சியம் பிழைபட்டதன்று. போட்டியை நீக்கிவிட்டால் வாயில் தானே திறந்துவிடும் என நம்பியதே பிழை. போட்டி மட்டும் போதும் என்பாரும் சிற்றூர்களின் பாடத்தை மறத்தலாகாது. அங்கே போட்டி தழைத்தது, ஒவ்வொரு மாணவியும் குழுவிற்குத் தேவைப்பட்டமையாலன்றோ! ஒரு பாடசாலையின் விளையாட்டை மதிப்பிடுவோர் அது வென்ற கிண்ணங்களை எண்ணுவதோடு நில்லாது, அங்கே களத்தில் இறங்கிய கால்களையும் எண்ணுதல் வேண்டும்.