சல்லடையும் பொதியும்: மன்னார்க் கரையின் அளவை வரலாறு பற்றிய சில குறிப்புகள்

அளவைகளின் வரலாறு பெரும்பாலும் அரசிறை வரலாற்றின் ஒரு கிளையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அளப்பவர் யார், அளவைக் கண்ணாற் கண்டு சரிபார்க்கும் வாய்ப்பு எவருக்கு இருந்தது என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படவில்லை. உணவுப் பொதிகள் விலை மாறாமல் எடை மட்டும் குறைந்துவரும் இக்காலத்தில் அவ்வினாக்கள் புதிய முக்கியத்துவம் பெறுகின்றன. மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையும் இதனை ஆராய்வதற்கேற்ற களமாகும் என்பது எமது கருத்து.

முதலில் முத்துக்குளிப்பை நோக்குவோம். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களை மையமாகக் கொண்டு நிகழ்ந்த முத்துக்குளிப்பு 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர்க்கும், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தர்க்கும், 1795இல் வந்த ஆங்கிலேயர்க்கும் பெருவருவாய் ஈட்டித் தந்தது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்புக்குட் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே குளிகாரர் தாமே அவற்றை மூன்று குவியல்களாகப் பிரித்தனர். அதன் பின்னரே அரச அலுவலர் வந்து குளிகாரருக்குரிய குவியல் எதுவெனச் சுட்டினார். எஞ்சிய இரண்டும் அரசுக்குரியன. பிரிப்பவர் ஒருவர், தெரிபவர் வேறொருவர் என்பதனால், ஒரு குவியலைச் சிறிதாக்கிப் பிரிப்பவர் அதுவே தம்மை வந்தடையும் அபாயத்தை ஏற்கவேண்டியிருந்தது. கூறு போடுவதில் ஏமாற்றுக்கு இடமில்லாத ஏற்பாடு இது.

முத்துக்களை மதிப்பிடும் முறையும் இத்தகையதே. 20 முதல் 1000 வரை எண்ணிடப்பட்ட பித்தளைச் சல்லடைகளாற் பருமன் பிரிக்கப்பட்டது. ‘பெட்டி’ எனப்பட்ட அச்சல்லடைகளில் எண் கூடக் கூடக் கண் சிறுக்கும். பின்னர் உருவும் ஒளியும் நோக்கி ஆணி முதல் தூள் வரை தரம் வகுக்கப்பட்டது. கழஞ்சு, மஞ்சாடி ஆகியவற்றால் நிறுக்கப்பட்டது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. உயர்தர முத்துக்களுக்குச் ‘செவ்வு’ என்னும் கணக்கு உண்டு. எடையின் வர்க்கத்தை அடிப்படையாகக் கொண்ட அக்கணக்கின்படி, எடை இருமடங்கானால் மதிப்பு நான்மடங்காகும். வாங்குவோரும் விற்போரும் இக்கணக்கை ஒருங்கே அறிந்திருந்தனர். சல்லடையும் தராசும் இருவர் கண்முன்னும் இருந்தன.

இவ்வாறு கூறுவதால் அக்காலத்தைப் பொற்காலமாக நாம் காட்ட முற்படவில்லை. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்க்கு ஒரு பங்கும் கரையில் நின்ற அரசுக்கு இரு பங்கும் சென்றன. அளவு நேர்மையாக இருந்தது. பங்கு நீதியாக இருக்கவில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது அவசியம். அளவின் நேர்மைக்குக் காரணம் எவருடைய நல்லெண்ணமுமன்று. ஏமாற்றினால் இழப்பவருள் அரசும் பெருவணிகரும் அடங்கினர் என்பதே காரணம்.

அன்றாட உணவின் அளவை வேறு வழியிற் சென்றது. சுண்டு, கொத்து, புசல் என முகந்தளந்த காலத்தில் தலைதட்டி அளப்பதா, கும்பமாக அளப்பதா என்ற பிணக்கு இருந்தது உண்மையே. ஆயினும் அளவு வாங்குபவரின் முன்னிலையில் நிகழ்ந்தது. மீன் சந்தையிற் கூறு வைத்து விற்கும்போதும் வாங்குபவர் கண்ணால் மதிப்பிட்டே விலை பேசுகிறார். பொதி வந்ததும் இந்நிலை மாறிற்று. அளத்தல் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்குள் மறைந்தது. வாங்குபவருக்கு எஞ்சியது பொதியின் தோற்றமும் அதிற் பொறித்த விலையுமே.

‘ஒரு றாத்தல் பாண்’ என்னும் வழக்கை எடுத்துக்கொள்வோம். பாண் போர்த்துக்கேயச் சொல்; றாத்தல் அரபு மூலத்திலிருந்து போர்த்துக்கேயர் வழி வந்த சொல். ஆங்கிலேயர் காலத்தில் றாத்தல் ஏறத்தாழ 453.6 கிராம் கொண்ட இறாத்தலாக நிலைபெற்றது. மெற்றிக் முறை வந்தபின் அது 450 கிராமாயிற்று. சொல் மாறவில்லை, பொருள் சுருங்கிற்று. பாணின் எடை அதனினும் குறைவாக இருப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. இதனைத் தொடர்ந்து 2024 பெப்ரவரியில் முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானி மூலம் விதித்தது. 1979ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதனை நீக்கிய 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்துக்கும் பின்னரும் பாணின் எடைக்குத் தனிக்கட்டளை வேண்டியிருந்தமை சிந்தனைக்குரியது.

பொதியிற் சரியான எடை பொறிக்கப்பட்டிருந்தாலும் வாங்குபவர் ஏமாறலாம். 100 கிராம் பொதி அதே விலையில் 85 கிராமாகுமாயின், விலை உண்மையில் 17.6 வீதம் உயர்ந்துள்ளது. 400 கிராம் 600 ரூபாவுக்கும் ஒரு கிலோ 1,600 ரூபாவுக்கும் விற்கப்படின், மலிவெனத் தோன்றும் பெரிய பொதியே கிராமுக்குக் கூடிய விலையுடையது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அத்தகைய காலத்தில் நேரடி விலையேற்றத்தைச் சிறிய பொதிக்குள் மறைப்பது எளிது. இதன் சுமையும் சமமாகப் பகிரப்படுவதில்லை. அன்றன்றைய மீன்பாட்டை நம்பி வாழும் பேசாலை, தலைமன்னார்க் குடும்பம் சிறு பொதியையே வாங்க இயலும். சிறு பொதிகளின் அலகு விலையோ பெரும்பாலும் உயர்ந்தது. வறியவர் குறைவாக வாங்கிக் கூடுதலாகச் செலுத்துகின்றனர்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஒரு கிலோவுக்கான அல்லது ஒரு லீற்றருக்கான விலையைக் கடையிற் காட்டவேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் விதித்தது. அவுஸ்திரேலியாவில் இவ்விதி 2009இல் நடைமுறைக்கு வந்தது. பிரான்சிற் பெரிய அங்காடிகள், எடை குறைந்து அலகு விலை உயர்ந்த பண்டங்களின் அருகே இரு மாதங்களுக்கு அறிவித்தல் வைக்கவேண்டுமென 2024 யூலை முதல் விதிக்கப்பட்டுள்ளது.

அலகு விலை என்பது எமக்குப் புதிய கருத்தன்று. ஆணி முத்தின் மதிப்பைச் செவ்வுக் கணக்கால் அறுதியிட்ட கரை இது. செல்வரின் அணிகலனுக்குக் கிட்டிய அளவை நேர்மை உழைப்போரின் பாணுக்கும் பால்மாவுக்கும் மறுக்கப்படுவதற்கு நியாயம் எதுவுமில்லை. சிப்பிக் கொட்டில் அளவு இருவர் கண்முன்னும் நிகழ்ந்தது. அதனைக் கடைத்தட்டில் மீண்டும் நிலைநாட்டுவது சட்டத்தின் கடமை. அதனைக் கோருவது மக்களின் உரிமை.