விக்ரோலி ஆலையும் மூச்சு மருந்தும்: சிப்லாவின் மருந்துருவாக்க வரலாறு

மும்பையின் மத்திய ரயில் தடத்தில் காட்கோபருக்கு அடுத்த நிலையம் விக்ரோலி. அதன் மேற்குப் பகுதியில், காட்கோபர் வழியாக வரும் லால் பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டி, சிப்லா நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. 1960இல் மருந்துக்கான நுண்வேதிப் பொருள்களைத் தயாரிக்கும் ஆலையாக அது தொடங்கியது. பின்னர் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பணிகளுக்கும் களமாயிற்று. காட்கோபர் காமராஜ் நகரிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள தமிழர் வீடுகளில் வீசிங் வந்தால் கை தேடும் இன்ஹேலர் பெரும்பாலும் இந்த நிறுவனத்தினுடையதாகவே இருக்கும். ஆனாலும் அந்தச் சிறு கருவி நம் கைக்கு வந்த கதையைத் தமிழில் யாரும் விரிவாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

சிப்லா தன் பெயரை நிலைநிறுத்தியது உலகம் அறியாத புதிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடித்து அல்ல. அறியப்பட்ட மருந்துக்குப் புதிய செய்முறை, அறியப்பட்ட மருந்துகளின் புதிய சேர்க்கை, அவற்றை உடலுக்குள் சேர்க்கப் புதிய கருவி என்ற வழியில்தான் அது வளர்ந்தது. இதை இரண்டாந்தர வேலை என்று தள்ளும் வழக்கம் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஆய்வகத்தில் பிறந்த மருந்து நோயாளியின் வாய்வரை வந்து சேர இந்த வேலைகள் எல்லாம் நடந்தாக வேண்டும். அதன் பிறகும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. யார் வாங்கிக் கொடுப்பது என்பதே அது. சிப்லாவின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படிக்கும்போதுதான் அதன் வெற்றிகளுக்கும் தேக்கங்களுக்கும் காரணம் புலப்படுகிறது.

பெர்லினில் வேதியியல் படித்துத் திரும்பிய குவாஜா அப்துல் ஹமீது 1935இல் பம்பாயில் நிறுவனத்தைப் பதிவு செய்தார். 1937இல் பம்பாய் சென்ட்ரல் பகுதியில் உற்பத்தி தொடங்கியது. 1939 ஜூலையில் காந்தி அங்கே வந்து பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய மருந்துகள் வருவது நின்றுபோனபோது, உள்நாட்டில் மருந்து செய்யத் தெரிந்த சில கைகளில் ஒன்றாக சிப்லா இருந்தது. 1960இல் அவருடைய மகன் யூசுஃப் ஹமீது, நோபல் பரிசு பெற்ற அலெக்சாண்டர் டாட்டிடம் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்து வந்து சேர்ந்தார். விக்ரோலி ஆலை தொடங்கிய ஆண்டும் அதுவே.

சட்டம் திறந்த வாசல்

அன்றைய இந்தியாவில் நடைமுறையில் இருந்தது 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்கே அது காப்புரிமை தந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்க செனட் உறுப்பினர் கெஃபாவர் தலைமையில் மருந்து விலைகள் பற்றி நடந்த விசாரணை, உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று பதிவு செய்தது. ஏழை நாட்டில் விலை ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதற்கு விடை சொன்னவர் ஒரு தமிழர். சென்னை உயர் நீதிமன்றத்திலும் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார், 1959இல் அளித்த அறிக்கையில் இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றில் மிகப் பெரும்பான்மை இந்த நாட்டில் உற்பத்திக்கே வராமல் கிடப்பதையும் எடுத்துக்காட்டினார். உரிமை இங்கே, தொழிற்சாலை அங்கே என்ற நிலையில் காப்புரிமை இறக்குமதிக்குக் காவலாக மட்டுமே நின்றது.

அந்த அறிக்கையின் அடித்தளத்தில் எழுந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்தைப் பொறுத்தவரை பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று அது வரையறுத்தது. அந்தக் காப்புரிமையின் காலமும் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். வேறு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தவர் செய்யலாம் என்றாயிற்று. ராஜகோபால அய்யங்காரின் பெயர் சட்ட நூல்களுக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. நம் வீட்டு மாத்திரை டப்பாவில் அவருடைய உழைப்பும் இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நித்தியகல்யாணியிலிருந்து

புதிய செய்முறை என்றால் என்ன என்பதை ஒரு பூச்செடியை வைத்துப் பார்க்கலாம். சுடுகாட்டு மல்லி, பட்டிப்பூ என்றெல்லாம் நாம் அழைக்கும் நித்தியகல்யாணி, திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளைவது. அதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை 1958இல் கனடாவில் பிரித்தெடுத்தார்கள். அடுத்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் விலக்க முடியாத மருந்து. சிக்கல் அளவில் இருந்தது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். வின்கிரிஸ்டின் இலையில் அதைவிடவும் சொற்பம். நம் ஊரில் இலை இருந்தது. மும்பை பரேலில் 1941 முதல் டாடா நினைவு மருத்துவமனையும், சென்னை அடையாறில் 1954 முதல் புற்றுநோய் நிலையமும் இருந்தன. இடையில் இருந்திருக்க வேண்டிய மருந்துதான் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ஏ.வி. ராம ராவ் தலைமையிலான குழு இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரிக்கும் வழியை வகுத்தது. கிடைத்த வின்பிளாஸ்டினையே வேதிவினையால் வின்கிரிஸ்டினாக மாற்றலாம் என்பதுதான் இதில் கைகொடுத்த உத்தி. இலையில் அரிதாக இருப்பதைத் தேடி அலைய வேண்டாம். சற்றுக் கூடுதலாக இருப்பதை எடுத்து மாற்றிக்கொள்ளலாம். 1980களின் முற்பகுதியில் சிப்லா இதை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. பொதுப் பணத்தில் நடந்த ஆய்வை வணிக உற்பத்தியாக்கியதற்காக 1988இல் தேசிய விருதும் பெற்றது. அரசு ஆய்வகமும் தனியார் ஆலையும் சேர்ந்து செய்த வேலை இது. சிப்லாவைப் பற்றிய பல எழுத்துகள் ஆய்வகத்தின் பங்கை ஒரு வரியில் கடந்து போகின்றன. இது நியாயமில்லை.

மூச்சும் கருவியும்

ஆஸ்துமாவுக்கு வரும்போது மருந்தைவிடக் கருவியே பெரிய பிரச்சினை. சால்பூட்டமால் 1969இல் பிரிட்டனில் சந்தைக்கு வந்த மருந்து. அதை மாத்திரையாக விழுங்கினால் 2 முதல் 4 மில்லிகிராம் வரை தேவை. ரத்தத்தில் கலந்து உடல் முழுதும் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, கடைசியில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகும். இன்ஹேலரில் ஒரு பஃபில் இருப்பது 100 மைக்ரோகிராம் மட்டும். ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில் உள்ள மருந்து 40 பஃபுக்கு வரும். நேராக மூச்சுக்குழாய்க்குள் சேர்வதால் சில நிமிடங்களில் மூச்சு விடுபடுகிறது.

சிப்லா 1976இல் ஆஸ்துமாவுக்கான அழுத்தக் குப்பிகளை இந்தியாவில் கொண்டுவந்தது. குப்பியை அழுத்தும் கணமும் மூச்சை இழுக்கும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கருவியின் நிபந்தனை. அரை நொடி தவறினாலும் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். இளைப்பில் தவிக்கும் முதியவருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது எளிதல்ல. ‘பம்பு அடிச்சேன், ஒண்ணும் கேக்கலை’ என்று சொல்லும் நோயாளியிடம் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அவர் எப்படி அடிக்கிறார் என்பதைத்தான்.

இதற்கு ஒரு விடையாக வந்தது உலர்தூள் கருவி. ரோட்டாஹேலர் என்ற வகையை முதலில் கொண்டுவந்தது கிளாக்ஸோ நிறுவனம். 1997இல் சிப்லா ஒளிபுகும் ரோட்டாஹேலரை வெளியிட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு பாகங்களாகத் திருகும் ஒரு சிறு பிளாஸ்டிக் குழல், அவ்வளவுதான். மேலே உள்ள துளையில் மருந்துக் கேப்ஸ்யூலைச் செருகி, அடிப்பாகத்தைத் திருகினால் கேப்ஸ்யூல் இரண்டாகப் பிரிந்து தூள் உள்ளே கொட்டும். வாயில் வைத்து வேகமாக இழுத்தால் நோயாளியின் மூச்சே தூளை உள்ளே கொண்டுபோகிறது. அழுத்தும் வேலை இல்லாததால் நேரம் தவறும் பேச்சும் இல்லை. தூளில் பெரும்பகுதி லாக்டோஸ் சர்க்கரை. மைக்ரோகிராம் கணக்கில் உள்ள மருந்தை அதுவே சுமந்து நிற்கிறது. மருந்துத் துகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருந்தால்தான் நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போகும்.

ஒளிபுகும் உடல் வெறும் அழகுக்காகச் செய்ததல்ல. கேப்ஸ்யூல் பிரிந்ததா, தூள் மிச்சம் இருக்கிறதா என்று நோயாளி தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் இருந்தால் இன்னொரு முறை இழுக்கலாம். குறிப்புத் தாளைப் படிக்கத் தெரியாதவரும் தன் சிகிச்சை சரியாக நடந்ததா என்பதைத் தானே சரிபார்க்க முடிகிறது. சிப்லாவின் கருவிகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தை ஒட்டி, குளோரோஃபுளோரோகார்பன் இல்லாத அழுத்தக் குப்பிகளை 2000இல் நிறுவனம் வெளியிட்டதும் இதே தொடர்ச்சியில் வருகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் சால்பூட்டமால் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு அதிக விலை வாங்கியதாக அரசு சிப்லாவிடம் பணம் கோரியது. மும்பை உயர் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. எச்.ஐ.வி. மருந்தில் வெளிநாட்டில் விலையை உடைத்த நிறுவனம் உள்நாட்டில் விலைக் கட்டுப்பாட்டை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறியது என்பதும் வரலாறுதான்.

ஒரு டாலருக்கும் குறைவாக

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை 1986இல் சென்னையில் முதலில் கண்டறிந்தது டாக்டர் சுனிதி சாலமனின் குழு. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து அனுமதி பெற்றது. நோயாளி ஒருவருக்கு ஆண்டுச் செலவு 8,000 டாலருக்கும் மேல். அப்போது ஹைதராபாத்தின் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த ராம ராவ் இதற்கும் ஒரு செய்முறை வகுத்துத் தந்தார். 1991இல் சிப்லா அதை மிகக் குறைந்த விலையில் வெளியிட்டது. ஆனால் மருந்து விலைபோகவில்லை. குறைந்த விலையும் தனி நோயாளிக்கு எட்டாத விலையாகவே இருந்தது. அரசும் வாங்கித் தர முன்வரவில்லை. நல்ல மருந்து, நல்ல செய்முறை, இறங்கிய விலை எல்லாம் இருந்தும் வாங்கும் கை இல்லாமல் தோற்ற முயற்சி அது. இந்தத் தோல்விக்கு வரலாற்றாசிரியர்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை.

1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சை பயன் தருவது உறுதியானது. அதன் ஆண்டுச் செலவு 10,000 டாலரைத் தாண்டியது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகிய மூன்றின் உரிமையும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடம் இருந்தது. மேலை நாடுகளில் அவற்றை ஒரே மாத்திரையாகச் செய்ய யாருக்கும் வழியில்லை. இந்தியச் சட்டம் அந்தச் சுவரை எழுப்பவில்லை. மூன்றையும் ஒன்றாக்கிய டிரையோமியூன் மாத்திரை 2001இல் வந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கைநிறைய மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்க வேண்டியிருந்த நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

2000 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையம் கூட்டிய கூட்டத்தில் யூசுஃப் ஹமீது குறைந்த விலையை அறிவித்தார். தொழில்நுட்பத்தையும் தரத் தயார் என்றார். அரசுகள் எதுவும் உடனே முன்வரவில்லை. 2001 பிப்ரவரியில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலர், அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு என்று அவர் அறிவித்தது நியூயார்க் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அதன்பின் நிலைமை வேகமாக மாறியது. தென்னாப்பிரிக்க அரசின்மீது 39 மருந்து நிறுவனங்கள் தொடுத்திருந்த வழக்கு அந்த ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, பொதுச் சுகாதாரத்தைக் காக்க நாடுகளுக்கு உரிமை உண்டு என்று பிரகடனம் செய்தது. உலக நிதியங்களும் அரசுகளும் மொத்தமாக வாங்கத் தொடங்கின. இந்தியாவில் 2004 ஏப்ரலில் இலவச சிகிச்சை தொடங்கியபோது முதல் மையங்களில் சென்னை தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் இருந்தன. 1991இல் இல்லாத வாங்கும் கை இப்போது வந்திருந்தது.

2005 ஜனவரி முதல் மருந்துப் பொருளுக்கு மீண்டும் காப்புரிமை வந்தது. எர்லோட்டினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மருந்தை ரோஷ் நிறுவனம் மாத்திரை 4,800 ரூபாய்க்கு விற்றபோது சிப்லா 1,600 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பொதுநலனைக் காட்டி 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. 2015இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ரோஷின் காப்புரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அய்யங்கார் அறிக்கை திறந்துவிட்ட வாசல் இன்று பாதி மூடியிருக்கிறது.

இனி இன்ஹேலருக்குத் திரும்ப வேண்டும். உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ ஏறத்தாழ 42 சதவீதம் இங்கே நிகழ்கின்றன. உலகுக்கே இன்ஹேலர் ஏற்றுமதி செய்யும் நாட்டில் இப்படி ஒரு கணக்கு. 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பைமேடு எரிந்தபோது செம்பூரும் காட்கோபரும் புகையில் மூழ்கின, மாநகராட்சிப் பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் பகுதிகளிலிருந்து இன்ஹேலர் நிறுவனத்தின் விக்ரோலி வளாகம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் நோயாளிகள் பலர் இன்ஹேலரைத் தம் கைக்காசில் மருந்துக் கடையில் வாங்குகிறார்கள். காசு இல்லாத மாதம் நிறுத்திவிடுகிறார்கள். நோயைக் கட்டுக்குள் வைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். உடனடி நிவாரணம் தரும் சால்பூட்டமால் மட்டும் மிஞ்சுகிறது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற தவறான பயமும் இதற்குத் துணைபோகிறது.

மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைந்தது. வழி தெரியாத நாடல்ல இது. எச்.ஐ.வி. மாத்திரைக்குச் செய்ததை ஆஸ்துமா இன்ஹேலருக்கும் செய்ய வேண்டும். தாராவியின் மாநகராட்சி மருந்தகத்திலும் தமிழகத்தின் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஸ்டீராய்டு இன்ஹேலர் மாதம் தவறாமல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதை இழுக்கக் கற்றுத்தரும் ஒரு செவிலியரும் அங்கே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இளைப்பு நோயாளி இருந்தால், அடுத்த முறை அரசு மருத்துவமனைக்குப் போகும்போது இந்த இரண்டையும் கேளுங்கள்.