கிட்டங்கி

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், சுங்கை பினாங் என்னும் ஆறு கடலிற் கலக்கும் ஜெலுத்தோங் பக்கத்திலிருந்து கரையோரமாகவே வடக்கு நோக்கி வருவோமானால், சீனக் குலத்தார் நீரின்மேல் எழுப்பிய மரத்துறைகளையும், வெல்ட் கீ சாலையின் பண்டகசாலைகளையும், முடிவிற் கார்ன்வாலிஸ் கோட்டையையும் கண்டு, சற்றே உள்ளே திரும்பிப் பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகளையும் பார்க்கலாம். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது முதல் இங்கே யாத்திரிகர் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆயினும் கோட்டையின் அகழிக்கும், துறைமுகத்துச் சரக்கறைக்கும், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கூடத்துக்கும் தமிழில் ஏறக்குறைய ஒரே பெயர் என்பதை நம்மவரிலேயே எத்தனை பேர் கவனித்திருப்பர் என்பது சந்தேகமே.

கிடங்கு என்பதற்குப் பழம்பொருள் அகழி. மதுரைக்காஞ்சியில் அச்சொல் நகரைச் சூழ்ந்த நீரரணையே குறிக்கிறது. 'கிட' என்னும் வினையடியிற் பிறந்ததாகையால், நீர் கிடக்கும் பள்ளம் என்று கொள்வதில் இடர்ப்பாடில்லை. அகழி எவ்வாறு சரக்கறை ஆயிற்று என்பதுதான் கேள்வி. பூமியிற் குழி வெட்டித் தானியத்தைச் சேமிக்கும் பழைய வழக்கம் இரண்டுக்கும் இடையே நின்றிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்னும் அகராதியோ அவ்வளவு தூரம் போகாமல், சரக்குக் கிடக்கும் இடம் என்று நேரே பொருள் சொல்லி விடுகிறது.

முதற்பொருளுக்குப் பினாங்கிலேயே சாட்சி உண்டு. 1786 ஆகஸ்டு 11ஆம் தேதி தீவைக் கும்பினியின் உடைமையாக்கிய பிரான்சிஸ் லைட் மரக்கழிகளை நட்டு எழுப்பிய காவலே, பின்னர்ச் செங்கற்கோட்டையாகி, அகழியும் பெற்றது. யுத்தம் ஒன்றையும் காணாத அக்கோட்டையின் அகழியைத் தூர்த்தது பகைவரல்லர், மலேரியா ஜுரமே. 1920களில் கொசுவுக்கு அஞ்சி அதை மூடிவிட்டனர். அதன் ஒரு பகுதியை அண்மையில் மீண்டும் தோண்டி, நீர்விட்டு வைத்திருக்கின்றனர்.

இரண்டாவது பொருள் கடல் கடந்தது. மலாய்மொழியில் அது கெடோங் என்றும் குடாங் என்றும் வழங்கிற்று. அங்கிருந்து போர்த்துகீசியர், ஆங்கிலேயர் வாய்ப்பட்டு, குடோன் என்ற உருவில் நம் தமிழுக்கே திரும்பி வந்து, இன்று அரிசிமண்டிப் பலகையிலும் ஏறியிருக்கிறது. மலாய்ச்சொல்லே மூலம் என்பாரும் உளர். வினையடியோடு பொருந்தி நிற்கும் உருவம் நம் பக்கத்தில் இருப்பதால், அவ்வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. தெலுங்கில் வழங்கும் கிட்டங்கி என்னும் உருவம் செட்டியார்களின் சொல்லோடு ஒத்திருப்பதை நோக்கினால், சோழமண்டலக் கரையின் துறைமுகப் பேச்சே அதற்குப் பிறப்பிடமாகலாம் என்று தோன்றுகிறது.

ஆனால் நகரத்தாரின் கிட்டங்கி வெறும் சரக்கறையன்று. நாகப்பட்டினத்திற் கப்பலேறி, குடும்பத்தை ஊரில் விட்டு, தவணை முறையில் வந்து தங்கிய ஏஜண்டுகள் பலர், ஒரே கூரையின்கீழ்த் தத்தம் முதலாளியின் விலாசத்தில் தொழில் நடத்திய இடம் அது. முகப்புக் குறுகி, உள்ளே வெகுதூரம் நீளும் கூடத்தின் இருமருங்கும் வரிசையாகப் பாய் விரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வான மரப்பெட்டி. அதன்பின் சம்மணமிட்டிருந்து, பேரேட்டைத் தொடைமேல் விரித்துக்கொண்டு, கடன் கேட்டு வந்த சீன ஈயச் சுரங்கக்காரரோடும் மலாய்த் தோட்டக்காரரோடும் ஒரே சுருதியிற் பேசுவார் செட்டியார். பக்கத்துப் பெட்டிக்காரர் போட்டியாளர். எனினும் மத்தியான்னம் இருவருக்கும் சோறு பொதுவான சமையலறையிலிருந்தே வரும். கணக்கெழுதப் பழகும் இளைஞனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். இரவில் அவன் பாய் விரிப்பதும் அதே கூடத்தில்தான். சரக்குக் கிடக்கும் இடம் மனிதர் கிடக்கும் இடமுமாயிற்று. தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளிரதம் புறப்படும் கோயில் வீடும் இதே வீதியில் இருப்பதால், கடையும் கோயிலும் அவர்களுக்கு அதிக தூரமில்லை.

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள் வானளாவும் வங்கிக் கட்டடங்களுக்கு இடம் விட்டு மறைந்தன. பினாங்கிலோ, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கும் வரையில் பழைய கடைவீடுகளை இடித்து உயர்த்துவதில் லாபம் குறைவாயிருந்தது. பாரம்பரியம் தப்பியதற்கு, பக்தியைவிட இக்கணக்கே பெரிய காரணம் என்பேன்.

மலாய்க்குப் போன கெடோங் என்னும் சொல்லோ, ஜாவாவில் கெடுங் என்றாகி, இன்னும் உயர்ந்த பதவி பெற்றது. அங்கே செங்கல்லிற் கட்டிய பெருமாளிகை எதற்கும் அதுவே பெயர். சயாம் தேச மன்னர் சூலாலங்கரண் 1871இல் அளித்த வெண்கல யானை முன்னிற்பதால் ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தை மக்கள் கெடுங் காஜா என்கின்றனர். ஆசிய ஆப்பிரிக்க மகாநாடு 1955இற் கூடிய பாண்டுங் மண்டபம் கெடுங் மெர்டேகா, அதுவும் இப்போது அருங்காட்சியகமே.